வலப்பக்க வாசல்

ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். குலுக்கவும் கூடாது, சும்மா பிடித்திருக்கவும் கூடாது. மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து, மெதுவாக நிமிர்த்தி, மறுபடி கவிழ்க்க வேண்டும். விட்டால் அணுக்கள் அடியில் போய்ப் படிந்துகொள்ளும். படிந்த ரத்தம் சோதனைக்கு ஆகாது. சாயங்காலம் தாண்டிவிட்டால் எவ்வளவு ஆட்டினாலும் ஆகாது.

குடைக்கடைக்காரர் ஆட்டிக்கொண்டே படியிறங்கினார். இடது கையில் குழாய், வலது கையில் குடை. கடையை விட்டு வெளியே போனால் சரக்கில் ஒன்று கையில் இல்லாமல் அவர் போகமாட்டார். வெயில் நாளானாலும் விளம்பரம் விளம்பரம்தானே. பக்கத்தில் அவருடைய அத்தான் மூச்சிரைத்தபடி வந்தார். குடைக்கடைக்காரர் எவ்வளவு ஒல்லியோ, அத்தான் அவ்வளவு தாராளம். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒருவர் பங்கையும் மற்றவரே சாப்பிட்டு வளர்ந்தது போலிருக்கும்.

குழாயில் இருந்தது அக்காவின் ரத்தம். அக்காவுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். நர்ஸ் இரண்டு கையிலும் தேடி, கடைசியில் புறங்கையில் பிடித்திருந்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இதான் கடைசி. இனிமே எவளாவது ஊசியோட வந்தா நான் கட்டிலுக்கு அடியில போயிடுவேன். இழுத்துப் பாருங்க." அவள் சொன்னால் செய்கிறவள்.

விஷயம் இதுதான். கட்டியை எடுத்தாகிவிட்டது. அதிலிருந்து கெட்ட அணு ஏதாவது பிரிந்து ரத்தத்தில் உலாவுகிறதா என்று தெரிய வேண்டும். உலாவினால் நாளைக் காலையில் மறுபடி கத்தி. இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். இதைப் பார்த்துச் சொல்லக்கூடிய கருவி எதிர்ப்பக்கத்து நுண்வாய்க்கால் ஆய்வு நிலையத்தில் மட்டுமே இருந்தது.

"ரோட்டத் தாண்டினா கட்டடம். நீங்களே குடுத்துட்டு, இயக்குநர் கையெழுத்தோட முடிவ வாங்கிட்டு வந்துடுங்க" என்றார் டாக்டர். அவர் ஒருமுறைகூட ரோட்டைத் தாண்டியதில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. தபால் தலை அளவுக் கண்ணாடிச் சில்லு. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால்கள். வாய்க்காலுக்குள் தூண்கள், நேர்வரிசையாக இல்லாமல் சற்றே சாய்வாக. ரத்தம் ஓடும்போது சின்ன அணுக்கள் தூண்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, மொத்தத்தில் நேரே போய் இடப்பக்க வாயில் விழுந்துவிடும். பெரிய அணு ஒவ்வொரு தூணிலும் தோள் இடித்து, வரிசைக்கு ஒரு சந்தாக வலப்பக்கம் ஒதுங்கும். இடப்பக்கம் கழிவு. வலப்பக்கம் சேகரிப்பு. கெட்டிக்காரத்தனமான சாமான், ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை, இயக்குநர் அதைப் பார்த்து அசந்துபோனதில் தொடங்கியது. இவ்வளவு அருமையான தத்துவத்தை ரத்தத்தோடு நிறுத்துவானேன் என்று அவருக்குத் தோன்றியது. நிலையத்துக்குத் தினமும் யார் யாரோ வருகிறார்கள். யார் முக்கியம், யார் இல்லை என்று ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டிருந்தால் எப்போது முடியும்? ஆகவே கட்டடத்தின் முன்கூடத்தை இடித்து, சில்லில் உள்ளபடியே மறுபடி கட்டினார்கள். தரை நகரும். சாய்வு வரிசையில் தூண்கள். எல்லாம் அதே அளவு விகிதம், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டது.

கடைத்தெருவிலும் ஆளை எடை போடுவது உண்டு. ஆனால் வாயைத் திறக்கவிட்டுத்தான் போடுவார்கள்.

வாசலில் காவலாளி எழுந்து நின்று வணங்கினார். "வாங்க, வாங்க. யாரா இருந்தாலும் வரலாம். இங்க யாரையும் நிறுத்துறதில்ல."

"இந்த ரத்தத்த எங்க குடுக்கணும்?" என்றார் குடைக்கடைக்காரர், ஆட்டியபடி.

"தரை கொண்டுபோய் விடும் சார். நீங்க நின்னா போதும்."

நின்றார்கள். தரை நகர்ந்தது. முதல் வரிசைத் தூணில் அத்தானின் தோள் இடித்தது. "அய்யோ" என்றபடி ஒரு சந்து வலப்பக்கம் போனார். குடைக்கடைக்காரர் இடைவெளியில் வழுக்கி நேரே போனார். இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை.

"மாப்ள, எங்க போற?"

"நான் எங்கயும் போகல அத்தான், நீங்கதான் போறீங்க!"

"குழாய ஆட்டிக்கிட்டே இரு!" என்ற குரல் தூண்களுக்கு அப்பாலிருந்து வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. குடைக்கடைக்காரருக்கு முன்னால் ஒரு கதவு தானாகத் திறந்தது. வெயில் முகத்தில் அடித்தது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அவர் பின்தெருவில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒல்லி. எல்லோர் கையிலும் ஒரு குழாய். எல்லோரும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"புதுசா?" என்றாள் ஒரு பெண்மணி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. கணக்கு டீச்சர் என்பது குரலிலேயே தெரிந்தது. கணவரின் ரத்தத்தைக் கொண்டுவந்திருந்தாள். "எத்தன தடவ போனாலும் இங்கதான் வருவீங்க. நான் இன்னைக்கே போதும் போதும்ங்கிற அளவு சுத்திட்டேன்."

"இது என்ன வாசல்?"

"கழிவு. ஆனா அப்படிச் சொல்லக் கூடாதாம். 'மாற்று வெளியேற்றம்'னு போர்டு வச்சிருக்காங்க பாருங்க. மரியாதையாத்தான் தள்றாங்க."

குடைக்கடைக்காரர் ஓடினார். கட்டடத்தைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தபோது அத்தானும் பிரதான வாசலால் வெளியே வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பூங்கொத்து.

"என்ன அத்தான் இது?"

"எனக்கே தெரியல மாப்ள. பெரிய ஹால். ஏசி. ஜூஸ் குடுத்தாங்க. எல்லாரும் என்னய மாதிரிதான், நல்லா இருக்காங்க. இயக்குநர் கையக் குலுக்கி, உங்கள மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்னார். என்ன வேலையா வந்தீங்கன்னு மட்டும் யாரும் கேக்கல."

"நீங்களாவது சொல்ல வேண்டியதுதான?"

"பேசிக்கிட்டே இருக்காரு, எங்க சொல்றது!"

சரி, குழாயை அத்தானிடம் கொடுத்தனுப்பினால் தீர்ந்தது. ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று குடைக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அடிப்பதற்காக ஆட்டுவதை நிறுத்தியது நினைவு வந்து, பதறி மறுபடி ஆட்டினார். அத்தான் குழாயை வாங்கிக்கொண்டு தரையில் ஏறினார். தூண்கள் அவரை அன்போடு வலப்பக்கம் அனுப்பின. குடைக்கடைக்காரர் இருப்புக் கொள்ளாமல் முன்வாசலுக்கும் சாலைக்கும் நடந்தார். எதிரே ஆஸ்பத்திரி மாடி ஜன்னல் தெரிந்தது. அக்கா அதன் பின்னால் படுத்திருந்தாள். அவர் கை வெறுமனே காற்றைக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தது.

உள்ளே நடந்தது இது. ஹாலுக்கு முன்னால் ஒரு சீருடைப் பெண் தட்டு நீட்டினாள். "கொண்டு வந்த பொருள் தனியா போகணும் சார். ஆளுக்கு ஆள் அளவு, பொருளுக்குப் பொருள் அளவு. கலந்து அனுப்பினா முடிவு கெட்டுப்போகும்." குழாய் ஒரு சின்ன நகரும் பட்டையில் ஏறியது. அங்கேயும் தூண்கள் இருந்தன, விரல் உயரத்தில். குழாயோ ஒல்லி.

பின்தெருவில் சுவரோடு ஒரு சின்னக் கதவு திறந்து குழாய் உருண்டு விழப்போனது. டீச்சர் தாவிப் பிடித்தாள். அவள் இரண்டு கையாலும் இரண்டு குழாயை ஆட்டிக்கொண்டு நிற்பதை, சந்தேகப்பட்டு ஓடிவந்த குடைக்கடைக்காரர் பார்த்தார்.

"உங்களுதா? நல்லவேளை. உள்ள ஒருத்தி தட்ட நீட்டி வாங்கி, தனியா இப்படி அனுப்பிடுவாளாம். போன வாரம் ஒருத்தருக்கு ஆள் இல்லாம தொட்டியிலயே விழுந்திடுச்சாம்."

குடைக்கடைக்காரருக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யும். வியாபாரிகளுக்கு அது ஒரு வசதி. குழாயைச் சட்டைப்பைக்குள், தட்டுக்காரி கண்ணில் படாத ஆழத்தில் வைத்து, உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டியபடி முன்வாசலுக்குப் போனார். தரையில் ஏறியதும் குடையை விரித்தார்.

தூணில் இடித்தது. ஒரு சந்து வலப்பக்கம். மறுபடி இடித்தது. மறுபடி வலப்பக்கம். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பருத்தவராக நடத்தப்பட்டார். ஒரு ஊழியர் தூரத்திலிருந்தே வணக்கம் வைத்தார். தட்டுக்காரி வெறும் தட்டோடு விலகி நின்றாள். ஹால் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. வாசலுக்கு முன்னால் இடுக்கு ஒன்று இருந்தது. பருமனாகத் தெரிகிற எல்லாரையும் அதற்குள் நெருக்கி, பருமன் உண்மைதானா என்று பார்ப்பார்கள். அத்தான் அதற்குள் தம் கட்டி, பிதுங்கி, வெளியே வந்து மீண்டும் விரிந்திருந்தார். குடை நெருக்கத்தில் மடிந்தது, அத்தானைப் போலத் தானாக மறுபடி விரியவில்லை. மணி அடித்தது.

"போலிப் பருமன்" என்று ஒரு ஒலிபெருக்கி சொன்னது. தரை பக்கவாட்டில் திரும்பியது. வெயில், குப்பைத் தொட்டி, டீச்சர்.

"குடையா? நான் தலகாணிய வச்சுப் பாத்தேன்" என்றாள் டீச்சர்.

வெயில் மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தது. குடைக்கடைக்காரர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் லேசாகக் கருத்திருக்கிறதா, பிரமையா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை அக்காவிடம் போய்க் கையை நீட்டு என்று சொல்ல முடியாது. சொன்னால் கட்டிலுக்கு அடியில்தான் பேச வேண்டியிருக்கும். அவர் கதவைத் தட்டினார். தட்டித் தட்டி உடைக்கிற நிலைக்குப் போனபோது, கட்டடத்தைச் சுற்றிக் காவலாளியே வந்துவிட்டார்.

"சார், சத்தம் போடாதீங்க. உள்ள இயக்குநர் பேசிட்டிருக்காரு."

"எங்கள ஏன்யா உள்ள விடமாட்டேங்கிற?"

காவலாளி உண்மையிலேயே புண்பட்டார். "நான் எங்க சார் விடல? வந்தவங்க எல்லாரையும் உள்ள விட்டேன். வெளிய வந்தது நீங்க. என்னய நிறுத்துறதுக்கு வைக்கல சார், யாரையும் நிறுத்தலைன்னு சொல்றதுக்குத்தான் வச்சிருக்காங்க."

தலைக்கு மேல் ஹாலின் ஒலிபெருக்கி தெருவுக்கும் கேட்கும்படி வைக்கப்பட்டிருந்தது. இயக்குநரின் குரல் கனிந்து வந்தது:

"...முன்னெல்லாம் இந்த நிலையத்துல ஒரே நெரிசல். கையில ரத்தத்த வச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டு, அவசரம் அவசரம்னு வருவாங்க. இப்போ பாருங்க, எவ்வளவு அமைதி! இங்க வந்து சேர்ந்தவங்க எல்லாருமே வந்து சேர்ந்துட்டாங்க. நூறு சதவீதம். வராதவங்க யாராவது வரலைன்னு வந்து சொன்னாங்களா? இல்ல. நம்ம கருவியப் பத்தி ஒரு புகார் கிடையாது. வாங்கின நாள் மாதிரியே பளபளன்னு இருக்கு. ஒரு சொட்டு ரத்தம் அதுல பட்டு அழுக்காகல. இதுக்குப் பேர்தான் பராமரிப்பு..."

கைதட்டல். அதில் அத்தானின் கனத்த உள்ளங்கைச் சத்தத்தைக் குடைக்கடைக்காரர் அடையாளம் கண்டார். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஓர் ஓரத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இந்தக் கருவிக்கு ஆகாதது ஏதாச்சும் இருக்காய்யா?" என்று காவலாளியைக் கேட்டார். சரக்கைக் கட்டுவதற்கு முன் அதன் ஓட்டையைத் தேடுவது பழக்கம்.

"ஒண்ணே ஒண்ணு சார். கட்டி. அணுவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்தா அடைச்சுக்கும். எங்க ஆளுங்களுக்கு அதக் கண்டாத்தான் பயம். அடைச்சா உடனே பின்னோட்டம் விடணும்னு விதி. எல்லாத்தையும் வந்த வழியே திருப்பித் தள்ளி, ஓட்டத்த நிறுத்தி, அப்புறம்தான் ஆரம்பிக்கணும்."

குடைக்கடைக்காரர் திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஏற்கெனவே பக்கத்திலிருந்தவரின் முழங்கையைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

பின்தெருக்காரர்கள் எல்லோரும் கை கோத்து, கொத்தாக முன்வாசலில் ஏறினார்கள். கோத்த கைகளின் நுனியில் குழாய்கள் கவிழ்ந்து நிமிர்ந்தன. காவலாளி வழக்கப்படி எழுந்து, "யாரா இருந்தாலும்..." என்று தொடங்கி, எண்ணிக்கையைப் பார்த்து மீதியை விழுங்கினார். தரை நகர்ந்தது. முதல் வரிசைத் தூண்களுக்கு நடுவே கொத்து சிக்கியது. வலப்பக்கமும் போகவில்லை, இடப்பக்கமும் போகவில்லை. தரை காலுக்கடியில் கிர்ரென்று உருண்டது.

"விட்டுடாதீங்க! காலத் தூக்கித் தூக்கி வைங்க!" என்று டீச்சர் வகுப்பறைக் குரலில் கத்தினாள். "யாரு அங்க கைய எடுக்கிறது?"

எங்கோ ஒரு சங்கு ஊதியது. "அடைப்பு. அடைப்பு. பின்னோட்டம்."

தரை ஒரு குலுங்கு குலுங்கி எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது. அந்த நொடிக்காகத்தான் குடைக்கடைக்காரர் காத்திருந்தார். வளைந்த கைப்பிடியைத் தூணில் மாட்டினார். சொந்தச் சரக்கு, கைப்பிடிக்கு அவர் எப்போதும் பிரம்புதான் போடுவார். கொத்து முழுவதும் அந்தப் பிடியில் தொங்கி நின்றது.

மற்றவர்களுக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. ஹாலின் கதவுகள் திறந்தன. பூங்கொத்தோடு ஒருவர், ஜூஸோடு ஒருவர், ஆவேசமாகப் பேசிக்கொண்டே ஒருவர் என்று கனவான்கள் பின்பக்கமாக ஓடிவந்தார்கள். அத்தான் வந்தார். குடைக்கடைக்காரர் எட்டி அவர் இடுப்பு வாரைப் பிடித்தார். கைப்பிடி முனகியது, ஒடியவில்லை.

"எங்கிட்ட ஏண்டா முன்னாடியே சொல்லல?" என்றார் அத்தான்.

"நீங்க கைதட்டிக்கிட்டு இருந்தீங்க."

கடைசியாக, ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி இயக்குநர் வந்தார். "பதற்றப்பட வேண்டாம், இது நம்ம அமைப்பு நல்லா வேலை செய்யுதுங்கிறதுக்கு..." என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார். அவருடைய திண்டு வைத்துத் தைத்த கோட்டு ஒரு தூணில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. கோட்டுக்கு உள்ளே இருந்த இயக்குநர் சின்ன ஆள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

தரை நின்றது. அப்படி ஓர் அமைதி. கொத்து அவிழ்ந்து, அசையாத தரையில், தன் காலாலேயே நடந்து உள்ளே போனது.

காலி ஹாலைத் தாண்டி ஆய்வுக்கூடம். நுண்ணோக்கி முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். குழாய்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"ரத்தமா? நிஜ ரத்தமா? குடுங்கண்ணே, குடுங்கக்கா. ஆட்டிக்கிட்டே இருந்தீங்களா?"

"ஆட்டி ஆட்டிக் கையே விட்டுப் போச்சும்மா" என்றார் குடைக்கடைக்காரர்.

அக்காவின் ரத்தம் ஒரு சிரிஞ்சிலிருந்து தபால் தலைக்குள் போனது. திரையில் தூண்கள் தெரிந்தன. தூண்களுக்கு நடுவே குட்டி குட்டியாக, உருண்டையாக, அக்கா போய்க்கொண்டிருந்தாள். எல்லாம் இடப்பக்கம், எல்லாம் கழிவு வாசலை நோக்கி.

அத்தான் திரைக்குக் கிட்டே குனிந்தார். "எல்லாம் கழிவுக்குப் போகுதேம்மா. இவ ரத்தத்தையும் சேர்த்துக்க மாட்டாங்களா?"

"கழிவுக்குப் போனாத்தான் சார் நல்லது. சின்னதா போறதெல்லாம் நல்ல அணு. பெருசா, இடிச்சு இடிச்சு வலப்பக்கம் ஏதாச்சும் ஒதுங்கினா, அதுதான் நோய்."

டீச்சர் திரும்பி, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தெரிந்த ஹாலைப் பார்த்தாள். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், பாதி குடித்த ஜூஸ். அத்தான் தன் பூங்கொத்தைச் சத்தமில்லாமல் மேஜைக்கு அடியில் வைத்தார்.

"இயக்குநருக்கு இது தெரியுமா?" என்றாள் டீச்சர்.

"அவரு இந்த ரூமுக்கு வந்ததில்லக்கா."

சிரிஞ்சு காலியானது. அவள் நுண்ணோக்கியை வலப்பக்க வாய்க்குத் திருப்பினாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் திருகினாள். மறுபடி பார்த்தாள். குடைக்கடைக்காரர் கை தன்னால் கவிழ்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

"காலிண்ணே. வலப்பக்கம் ஒண்ணுமே வரல. அக்கா வீட்டுக்குப் போகலாம்."

அத்தான் அந்தப் பெரிய உடம்போடு ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முக்காலி அவரைக் கேள்வி கேட்காமல் தாங்கியது. அதற்குள் டீச்சரின் கணவருடைய ரத்தம் சிரிஞ்சில் ஏறிவிட்டது. டீச்சர் திரையை விட்டு நகரவில்லை.

"கையெழுத்து மட்டும் வேணும்ணே" என்றாள் அந்தப் பெண், காகிதத்தை நீட்டி. "இயக்குநர் எங்க?"

இயக்குநர் முன்வாசலில்தான் இருந்தார். அவருக்கென்று தனி வாசல் உண்டு. அதன் சாவி கோட்டுப் பையில், கோட்டு தூணில். ஆகவே அவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் தரையில் ஏறினார். தரை மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

குடைக்கடைக்காரரும் அத்தானும் பின்கதவால் வெளியே வந்தபோது, இயக்குநர் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முதல் தடவை வந்ததல்ல என்பது முகத்தில் தெரிந்தது. பின்னாலேயே காவலாளி.

"நான் யாருன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியும் சார். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்னு வணக்கம் வச்சேன். தரைக்குத்தான் தெரியல."

"கதவத் திற!"

"இந்தக் கதவு உள்ளருந்துதான் சார் திறக்கும். நீங்க போட்ட விதி."

குடைக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். குடையை மெல்ல விரித்தார், வாடிக்கையாளருக்குக் காட்டுகிற மாதிரி. கம்பியைத் தட்டினார். கைப்பிடியைச் சுழற்றினார்.

"இத விரிச்சுப் பிடிச்சுட்டுப் போங்க சார். தூண் உங்கள வலப்பக்கம் கொண்டுபோயிடும். நானே போய்ப் பாத்தது."

இயக்குநர் கை நீட்டினார். குடை பின்வாங்கியது.

"என்ன வேணும் உனக்கு?"

"ஒரு கையெழுத்து."

"அதுக்கு முறை இருக்கு. நாளைக்கு வாங்க..."

குடை பாதி மடங்கியது. இயக்குநர் வானத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். அத்தானின் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழுதுவதற்கு வசதியான முதுகு. குடைக்கடைக்காரர் மை காயும் வரை ஊதிவிட்டு, மடித்துப் பையில் வைத்து, அதன் பிறகே குடையைக் கொடுத்தார்.

"இது கட்டாயம் வேலை செய்யுமா?"

"தூண் வரைக்கும் கேரண்டி சார்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் உங்க இடுக்கு. அதுக்கு நீங்கதான் கேரண்டி."

இருவரும் சாலையைத் தாண்டினார்கள். அத்தான் முன்னால் ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. குடைக்கடைக்காரர் ஆஸ்பத்திரிப் படியில் கால் வைத்தபோது, பின்தெருப் பக்கமிருந்து மணிச் சத்தமும், ஒலிபெருக்கியில் "போலிப் பருமன்" என்ற அறிவிப்பும் தெளிவாகக் கேட்டன. நல்ல குடைதான், பாவம் என்று நினைத்துக்கொண்டு, வெறுங்கையை ஆட்டியபடியே மாடிப்படி ஏறினார்.